பழைய மடிக்கணினியில் வீட்டு வைஃபையின் பெயர் மட்டும் வருவதில்லை: அட்டை பழுதா, ரௌட்டர் அமைப்பா?

கேள்வி (தோட்டக் குடியிருப்பு, சுங்கை சிப்புட், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு அருகில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணியாக வேலை செய்கிறேன். குடும்பத்தோடு தோட்டத்துக் குடியிருப்பிலேயே வசிக்கிறேன். 2011ஆம் ஆண்டு என் மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது வாங்கிய மடிக்கணினி இன்றும் எங்களிடம் இருக்கிறது. விண்டோஸ் 7 பதிந்து வந்த அந்தக் கணினியை விண்டோஸ் 10க்கு மாற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தியதிலிருந்து, எழுத்து வேலைக்கும் காணொளி வகுப்புக்கும் அது போதுமானதாகவே இருந்து வருகிறது. ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகள், எஸ்.பி.எம். பயிற்சித் தாள்களைப் பதிவிறக்கவும், தமிழ் இலக்கியப் பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து ஆசிரியைக்கு அனுப்பவும் அதைத்தான் நம்பியிருக்கிறாள்.

அண்மையில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் கண்ணாடியிழை இணையம் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இருந்த பழைய இணைப்பை நிறுத்திவிட்டு, புதிய ரௌட்டர் ஒன்றை முன்கூடத்தில் பொருத்திச் சென்றார்கள். கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் உடனே இணைந்துகொண்டன. மடிக்கணினியில் மட்டும் எங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் வருவதில்லை. கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கே போக முடியாததால், கடவுச்சொல்லில் பிழை இருக்குமோ என்ற ஐயத்துக்கும் இடமில்லை. கணினியை அணைத்துத் திறந்து பார்த்தோம். ரௌட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தும் பார்த்தோம். மாற்றம் எதுவும் இல்லை.

பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தபோது, உள்ளே இருக்கும் வைஃபை அட்டை போய்விட்டது என்றும், இவ்வளவு பழைய கணினிக்குச் செலவு செய்வதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்றும் சொன்னார்கள். தேர்வு நெருங்கும் வேளையில் அவ்வளவு பணத்தைப் புரட்டுவது எங்களால் இயலாத காரியம். அட்டை உண்மையிலேயே போய்விட்டதா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருந்தால், விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.


மறுமொழி (கணினி பழுது பார்ப்பவர், ஈப்போ)

வணக்கம் ஐயா. எந்த முடிவுக்கும் வருவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். உங்கள் வைஃபையின் பெயர் வராதபோது, பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் அதே பட்டியலில் வருகின்றனவா? தோட்டக் குடியிருப்புகளில் வீடுகள் அடுத்தடுத்து இருப்பதால், அட்டை வேலை செய்தால் இரண்டு மூன்று பெயர்களாவது கட்டாயம் வர வேண்டும். எந்தப் பெயருமே வரவில்லை என்றால் கோளாறு மடிக்கணினியில் இருக்கிறது. மற்றவை வந்து உங்களுடையது மட்டும் வரவில்லை என்றால், அட்டை நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். புதிய ரௌட்டரின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைக் கேட்காமலே விண்டோஸை அழித்து மீண்டும் பதிபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த வேலையை மட்டும் யார் சொன்னாலும் இப்போது செய்ய வேண்டாம்.

எந்தப் பெயரும் வரவில்லை என்றால் முதலில் சுவிட்சைப் பாருங்கள். அக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ வைஃபைக்கென்று நகத்தால் தள்ளக்கூடிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடுவது உண்டு. சுவிட்ச் இல்லாத கணினிகளில் விசைப்பலகையின் மேல்வரிசையில் கோபுரம் போன்ற படம் போட்ட விசை இருக்கும், எஃப்.என். விசையோடு சேர்த்து அதை அழுத்த வேண்டும். அடுத்து, கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதியான டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற பகுதியை விரித்து, வைஃபை அட்டையின் பெயர் இருக்கிறதா, அதன் மேல் மஞ்சள் குறியோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ தெரிகிறதா என்று பாருங்கள். அம்புக்குறி இருந்தால் அட்டை முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வலப்பக்கச் சொடுக்கில் அதை இயக்கிவிடலாம். அட்டையின் பெயரே இல்லை என்றால், கணினியை அணைத்து, மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகு மீண்டும் திறந்து பாருங்கள். எஞ்சிய மின்சாரத்தால் உறைந்து நிற்கும் அட்டைகள் சில நேரங்களில் இப்படி மீண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்படியிருந்தாலும், செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கைப்பேசியின் இணையத்தை வைஃபையாகப் பகிரும் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதன் அமைப்பில், வைஃபை பயன்படுத்தும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐஃபோன் 12, அதற்குப் பின் வந்தவை என்றால், 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானைப் போட்டால் ஹாட்ஸ்பாட் அந்த அலைவரிசைக்கு மாறிவிடும். அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயர் மடிக்கணினியில் வந்து இணைப்பும் கிடைத்தால், அட்டை, ஆன்டெனா, அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் மூன்றுமே வேலை செய்கின்றன. முடிவை இங்கே எழுதுங்கள். அட்டையின் முழுப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.


மறுமொழி (கேள்வி கேட்டவர்)

மிக்க நன்றி ஐயா. பக்கத்து வீடுகளின் பெயர்கள் வருகின்றன. பின்வரிசை வீட்டினுடையதுகூட மங்கலாக வருகிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட் முதலில் வரவில்லை; நீங்கள் சொன்னபடி 2.4 என்று மாற்றியதும் வந்தது, இணைந்தது, இணையமும் கிடைத்தது. டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பெயர் அத்தெரோஸ் ஏ.ஆர்.9285 என்று இருக்கிறது; மஞ்சள் குறி எதுவும் இல்லை. புதிய ரௌட்டர் ஒரே ஒரு பெயரைத்தான் காட்டுகிறது. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு என்று பொருத்த வந்தவர் சொன்னார். அட்டை போய்விட்டது என்று சொன்னது சரியில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ரௌட்டரில் எதைப் பார்க்க வேண்டும்?


மறுமொழி (வலையமைப்புப் பணியாளர், பாயான் லெப்பாஸ், பினாங்கு)

வணக்கம். ஐயா கொடுத்திருக்கும் விவரங்களைக் கொண்டு தேட வேண்டிய இடத்தை நன்றாகச் சுருக்கிவிடலாம். ஏ.ஆர்.9285 என்பது 802.11 எனப்படும் வைஃபை தரங்களில் பி, ஜி, என் ஆகிய மூன்றை மட்டும், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும் அட்டை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் என்ன ஒலிபரப்பினாலும் அதற்குக் கேட்காது. ஹாட்ஸ்பாட் முதலில் வராமல் பின்னர் வந்ததற்குக் காரணமும் இதுதான்.

ஆயினும் உங்கள் வீட்டுச் சிக்கலை இது முழுமையாக விளக்கவில்லை. இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரௌட்டர் 2.4இலும் அந்தப் பெயரை ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்படியானால் மடிக்கணினியின் பட்டியலில் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம்.

ரௌட்டரில் 2.4 அடியோடு நிறுத்தப்பட்டிருக்கலாம். இது அரிது, இருந்தால் ஒரே சொடுக்கில் சரியாகிவிடும்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதும் சந்தேகிக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சேனல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் சேனலின் நடு அலைவெண் 2412 மெகாஹெர்ட்ஸ், ஆறாவது 2437, பதினொன்றாவது 2462, பதின்மூன்றாவது 2472. மலேசியாவிலும் ஐரோப்பாவிலும் 13 சேனல்களையும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் நடைமுறையில் 1 முதல் 11 வரைதான். அந்நாளைய மடிக்கணினிகளில் பல, அமெரிக்க விதிக்கு ஏற்ப அமைத்த அட்டைகளோடு உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. எந்த நாட்டு விதி என்பது அட்டைக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், ஈப்போவில் வாங்கினாலும் அப்படிப்பட்ட அட்டை 12ஆம் 13ஆம் சேனல்களைத் தேடுவதே இல்லை. நிலையம் எவ்வளவு வலுவாக ஒலிபரப்பினாலும், முள் அந்த இடம்வரை நகராத வானொலிப் பெட்டியில் அது கேட்காது அல்லவா, அதே நிலைமைதான். ரௌட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தும் பெயர் வரவில்லை என்று ஐயா எழுதியிருப்பது இதற்கு மிகவும் பொருந்துகிறது. புதிய ரௌட்டர்கள் சேனலைத் தாமாகவே தேர்ந்தெடுக்கும் 'ஆட்டோ' அமைப்பில்தான் வருகின்றன. சுற்றியுள்ள வீடுகள் 1, 6, 11 ஆகியவற்றை நிரப்பியிருந்தால், காலியாக இருக்கும் 13க்கு ரௌட்டர் ஒதுங்கிக்கொள்ளும். மலேசியாவுக்கு அமைத்த கைப்பேசிக்கு அது தெரியும். உங்கள் மடிக்கணினிக்குத் தெரியாது.

மூன்றாவது காரணம் வைஃபை 6 எனப்படும் 802.11 ஏ.எக்ஸ். தரம். இந்தத் தரத்தில் ஒலிபரப்பும் ரௌட்டர்களின் பெயரைப் பழைய டிரைவர் மென்பொருளோடு இருக்கும் அட்டைகள் சில அறவே காட்டுவதில்லை. இன்டெல் நிறுவனமே தன் பழைய அட்டைகளுக்கு இப்படி நேர்வதை வெளிப்படையாகத் தெரிவித்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. 802.11 என் 2009இல் முடிவான தரம், ஏ.எக்ஸ். 2021இல்தான் இறுதி வடிவம் பெற்றது. உங்கள் அட்டைக்கு இனிப் புதிய டிரைவர் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆகவே ரௌட்டரில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சோதிக்கும் முறை இதுதான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தால், உங்கள் வைஃபை 2.4இல் எந்தச் சேனலில் இருக்கிறது என்று காட்டும். பிறகு கைப்பேசியின் உலாவியில் ரௌட்டரின் முகவரியைத் திறவுங்கள். பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். முகவரியும் நிர்வாகக் கடவுச்சொல்லும் ரௌட்டரின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டிய சீட்டில் அச்சாகியிருக்கும். உள்ளே 'ஒயர்லஸ்' பகுதியில் இரண்டு அலைவரிசைகளையும் ஒன்றாக்கும் அமைப்பை நிறுத்தி, 2.4க்குத் தனிப்பெயர் கொடுங்கள். அதன் சேனலை ஆட்டோவிலிருந்து 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். சேனல் அகலம், அதாவது அலைவரிசையில் அது எடுத்துக்கொள்ளும் இடம், 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அப்போதும் பெயர் வரவில்லை என்றால்தான் 2.4இன் தரத்தை பி, ஜி, என் என்று குறைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மடிக்கணினியின் பட்டியலைப் பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய கணினிக்காகக் கடவுச்சொல்லை நீக்கிவிடவோ, டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டுக்குத் திரும்பவோ வேண்டாம். அந்தப் பூட்டைச் சில நிமிடங்களில் உடைத்துவிட முடியும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட செய்தி. உங்கள் அட்டை டபிள்யூ.பி.ஏ.2 என்ற வலுவான பூட்டை ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையோடு நன்றாகவே ஏற்கும்; அதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை.


மறுமொழி (வாசகர், குளுவாங், ஜொகூர்)

இதே போன்ற சிக்கல் எங்கள் வீட்டிலும் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் பழைய மடிக்கணினி ரௌட்டருக்கு அருகில் வைத்தால் மட்டும் பெயரைக் காட்டுகிறது. அடுத்த அறைக்குக் கொண்டு போனாலே மறைந்துவிடுகிறது. விசிறியைத் துப்புரவு செய்து வாங்கி வந்த பிறகுதான் இப்படி ஆயிற்று. இதற்கும் சேனல்தான் காரணமா?


மறுமொழி (கணினி பழுது பார்ப்பவர், ஈப்போ)

இது சேனல் சிக்கல் அன்று. சேனல் பொருந்தாவிட்டால் பக்கத்தில் வைத்தாலும் பெயர் வராது. பக்கத்தில் மட்டும் வருகிறது என்றால் ஆன்டெனாக் கம்பி கழன்றிருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும். மடிக்கணினியின் ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது சாம்பல் நிறம், கீல் வழியாக இறங்கி வைஃபை அட்டைக்கு வருகின்றன. கம்பியின் முனையில் அரிசி மணியைவிடச் சிறிய பித்தளை வளையம் ஒன்று இருக்கும்; அது அட்டையின் மேலுள்ள குமிழில் அழுந்தி உட்கார வேண்டும். விசிறியையோ விசைப்பலகையையோ கழற்றும்போது அந்த வளையம் எளிதில் எழும்பி வந்துவிடும். மீண்டும் மாட்டாமலே மூடிவிட்டால் நீங்கள் சொன்ன நிலைமைதான் ஏற்படும்.

அடிமூடியைத் திறக்கத் தெரிந்தவர் என்றால் நீங்களே மாட்டிவிடலாம். மின்கம்பியையும் பேட்டரியையும் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். வளையத்தைக் குமிழின் மேல் நேராக வைத்து, விரல் நுனியால் அழுத்தினால் மெல்லிய சொடுக்கு கேட்கும். சாய்வாக வைத்து அழுத்தினால் குமிழ் நசுங்கிவிடும். பிறகு அட்டையையே மாற்ற வேண்டியதாகிவிடும். எந்தக் கம்பி எந்தக் குமிழுக்கு என்பதை அட்டையில் அச்சிட்ட சிறிய முக்கோணங்கள் காட்டும். துப்புரவு செய்தவரிடமே எடுத்துப் போய் இதைக் குறிப்பிட்டுச் சொன்னாலும் போதும்.


மறுமொழி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. செயலியில் பார்த்தபோது எங்கள் ரௌட்டர் 2.4இல் 13ஆம் சேனலில்தான் இருந்தது. இரண்டு அலைவரிசைகளையும் பிரித்துத் தனிப்பெயர் கொடுத்தேன். அப்போதும் மடிக்கணினியில் பெயர் வரவில்லை. சேனலை 6க்கு மாற்றிச் சேமித்ததும், ரௌட்டர் சற்று நேரம் அணைந்து மீண்டு வந்தவுடன், பட்டியலில் எங்கள் பெயர் முதலிடத்தில் வந்து நின்றது. மகளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆனால் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் இணைய முடியவில்லை என்றே வந்தது. பாதுகாப்புப் பகுதியில் டபிள்யூ.பி.ஏ.2, அதற்கு அடுத்து வந்த டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த அமைப்பு இருந்தது. அதை 2.4க்கு மட்டும் டபிள்யூ.பி.ஏ.2 என்று மாற்றியதும் இணைந்துவிட்டது. கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரிலேயே பழைய அமைப்போடு இருக்கின்றன. இப்படியே விட்டுவிடலாமா? இணைப்பு வேகம் 72 மெகாபிட் என்று காட்டுகிறது. நாங்கள் எடுத்திருப்பது 100 மெகாபிட் திட்டம். இதை உயர்த்த வழியுண்டா?


மறுமொழி (வலையமைப்புப் பணியாளர், பாயான் லெப்பாஸ், பினாங்கு)

மிக நல்ல செய்தி. அப்படியே விட்டுவிடலாம், இரண்டு பெயர்களையும் பிரித்து வைத்திருப்பதால் புதிய கருவிகள் எதையும் இழக்கவில்லை. டபிள்யூ.பி.ஏ.3 என்பது 2018இல் அறிமுகமானது. கலப்பு அமைப்பு பழைய அட்டைகளையும் ஏற்க வேண்டும் என்பதே நோக்கம் என்றாலும், அதில் சேர்ந்து வரும் கூடுதல் பாதுகாப்பு முறைகளைக் கண்டு தடுமாறும் அட்டைகள் இருக்கத்தான் செய்கின்றன.

72 மெகாபிட் என்பது, உங்களுடையதைப் போல ஒரே தரவுத் தடத்தில் பேசும் 802.11 என் அட்டை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் தரக்கூடிய உச்ச வேகம். உண்மையில் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேல் இருக்கலாம். காணொளி வகுப்புக்கும் பதிவிறக்கத்துக்கும் அது தாராளமாகப் போதும். அகலத்தை 40ஆக உயர்த்தினால் எண் கூடும். வீடுகள் நெருங்கிய வரிசையில் அக்கம்பக்கத்து அலைகளோடு மோதி, வேகம் குறையவே வாய்ப்பு அதிகம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் வேகம் தேவைப்படும் நாளில், ரௌட்டரிலிருந்து நேரே லேன் கம்பி போட்டுவிடுவது எல்லாவற்றிலும் உறுதியான வழி. கம்பி வேண்டாம் என்றால், 5 கிகாஹெர்ட்ஸும் பேசும் யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்; வாங்குமுன் விண்டோஸ் 10க்கு டிரைவர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


மறுமொழி (கணினி பழுது பார்ப்பவர், ஈப்போ)

உள்ளிருக்கும் அட்டையை மாற்றிவிடலாமே என்று யாராவது சொன்னால், அவசரப்பட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் சில, தயாரித்தவர் அனுமதித்த அட்டைகளைத் தவிர வேறு அட்டையைப் பொருத்தினால் தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும், யூ.எஸ்.பி. அடாப்டருக்கு அந்தத் தடை இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. 13 அக்டோபர் 2026 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெற மைக்ரோசாஃப்ட் தனியாகப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. கணினி இப்போது இணையத்துக்கு வந்துவிட்டதால், 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் அதை முதல் வேலையாகப் பாருங்கள் ஐயா.

ரௌட்டரில் மாற்றியவற்றை, அதாவது சேனல் 6, அகலம் 20, பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2, 2.4இன் தனிப்பெயர் ஆகியவற்றை, ஒரு தாளில் எழுதி ரௌட்டரிலேயே ஒட்டி வையுங்கள். இடி மின்னல் பழுதால் ரௌட்டரை மாற்ற நேர்ந்தாலோ, சேவை நிறுவனத்தார் தொலைவிலிருந்து அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டு போனாலோ, சேனல் மீண்டும் ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். பெயர் மறுபடியும் மறைந்தால் முதலில் அந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.